பேயர்ன் மியூனிக்கில் நழுவியது, உள்ளரங்கில் கிடைத்தது: ஒரு ஜெர்மன் ஃபுட்சால் வீரரின் கதை

கால்பந்தில் ஜெர்மனி நான்கு முறை உலக சாம்பியன். அந்நாட்டுக் கால்பந்து சங்கமான டிஎஃப்பி-யில் பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல். சின்னச் சின்ன கிராமத்தில்கூட ஒரு கிளப், ஒரு புல்தரை, சனி ஞாயிறு மேட்ச் என்று இருக்கும் நாடு.

அந்த நாட்டுக்கு 2016 அக்டோபர் வரை ஃபுட்சாலில் ஒரு தேசிய அணியே கிடையாது. நம்ப முடிகிறதா?

2016 அக்டோபர் 1-ம் தேதி கொலம்பியாவின் காலி நகரில் எட்டாவது ஃபுட்சால் உலகக் கோப்பையின் இறுதிப்போட்டி நடந்தது. ரஷ்யாவை 5-4 என்று வீழ்த்தி அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. சரியாக 29 நாள் கழித்து, அக்டோபர் 30 ஞாயிற்றுக்கிழமை, ஹாம்பர்க் நகரின் இன்செல்பார்க் அரங்கில் ஜெர்மனி தன் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஃபுட்சால் போட்டியை ஆடியது. எதிரணி இங்கிலாந்து. ஜெர்மனி 5-3 என்று ஜெயித்தது. எட்டு உலகக் கோப்பைகளும் பத்து ஐரோப்பிய சாம்பியன்ஷிப்களும் முடிந்த பிறகுதான் கால்பந்து வல்லரசு ஒன்று முதல் மேட்சுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த முதல் தேசிய அணியில் இருந்தவர்களில் ஒருவர் டிமோ ஹைன்ட்சே. அப்போது அவருக்கு வயது 30. பொதுவாக ஒரு வீரர் ஓய்வைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் வயது. இவர் அந்த வயதில்தான் நாட்டுக்காக அறிமுகமானார். அதற்கு நான்கு வருடம் முன்பே தன் கால்பந்து வாழ்க்கை முடிந்துபோன கதையைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டுவிட்டவர் என்பதுதான் இதில் விசேஷம்.

ஜெர்மனியில் 'ஃபுட்சால் வீரர்' என்று ஒருத்தர் எப்படி உருவாகிறார் என்பதைப் புரிந்துகொள்ள ஹைன்ட்சேயின் பாதையைவிட நல்ல உதாரணம் இல்லை. அதற்கு முன்னால், ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஃபுட்சால்னா என்ன?

டர்ஃபில் வலை கட்டி ஐந்து பேர் ஆடுவதுதானே என்று நினைத்தால், அது இல்லை. 1930-ல் உருகுவேயின் மான்டிவிடியோவில், ஒய்எம்சிஏ-வில் வேலை பார்த்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் மூடிய அரங்குக்காக விதிகள் எழுதியதில் தொடங்கிய தனி ஆட்டம் இது. சர்வதேசப் போட்டிகளில் 40 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள கடினமான தரையில் நடக்கும். கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஐந்து பேர். ஆஃப்சைடு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதற்காக ஆட்டம் நிற்காது.

பந்துதான் முக்கியம். வழக்கமான கால்பந்தைவிடச் சின்னது, துள்ளாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அதனால் பந்து தரையோடு ஒட்டியே ஓடும். வீரர்கள் அதைப் பாதத்தின் அடிப்பகுதியால் அமுக்கி, உருட்டி, திருப்பிக் கட்டுப்படுத்துவார்கள்.

அடுத்தது நேரம். பந்து வெளியே போனால் கையால் எறிவது கிடையாது, கோட்டில் வைத்துக் காலால் உள்ளே தள்ள வேண்டும், அதுவும் 4 விநாடிக்குள். கோல்கீப்பர் தன் பாதியில் 4 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்க முடியாது. பாதிக்கு 20 நிமிடம். ஆனால் பந்து ஆட்டத்தில் இல்லாதபோதெல்லாம் கடிகாரம் நிறுத்தப்படும். ஆக, கீழே விழுந்து புரண்டு நேரத்தைக் கடத்தும் வேலை இங்கே எடுபடாது.

ஃபவுல் கணக்கும் வேறு. ஒரு பாதியில் ஒரு அணி ஐந்து ஃபவுல் வரை தப்பிக்கலாம். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு 10 மீட்டரிலிருந்து நேரடி ஷாட் கிடைக்கும், நடுவே தடுப்புச் சுவர் நிற்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது ஆளாக இன்னொரு வீரரை இறக்கும். சொந்த கோல் திறந்து கிடக்க, எதிரணியின் நான்கு பேரைச் சுற்றி ஐந்து பேர் பந்தைச் சுழற்றுவார்கள். பார்த்தால் கிரிக்கெட்டின் கடைசி ஓவர் டென்ஷன்தான்.

பேயர்னின் இரண்டாவது அணி

இப்போது ஹைன்ட்சே. 1986 பிப்ரவரியில் பவேரியாவின் ரோசன்ஹைம் நகரில் பிறந்தவர். பேயர்ன் மியூனிக்கின் இளையோர் அணியில் வளர்ந்து, அங்கிருந்து அந்தக் கிளப்பின் இரண்டாவது அணிக்கு வந்தார். டிஃபெண்டர்.

இந்த 'இரண்டாவது அணி' என்பது நம் வாசகர்களுக்குச் சற்றுப் புதிதாக இருக்கலாம். ஜெர்மனியில் பெரிய கிளப்களின் ரிசர்வ் அணிகளும் லீக் வரிசையில் சேர்ந்து, மற்ற ஊர்களின் முதல் அணிகளோடு மோதும். ஆனால் மூன்றாம் டிவிஷனோடு கதவு மூடிவிடும். சாம்பியன் ஆனாலும் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற முடியாது. அதாவது அந்த அணியில் இருப்பவருக்கு அணியோடு சேர்ந்து முன்னேறும் வழியே இல்லை. தனி ஆளாக, மேலே உள்ள முதல் அணியிலிருந்து அழைப்பு வந்தால்தான் உண்டு.

ஹைன்ட்சே ஆடிய காலத்தில் அங்கே பயிற்சியாளர் ஹெர்மான் கெர்லாண்ட். பிலிப் லாம், பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர் போன்றவர்களைச் செதுக்கியவர் என்று ஜெர்மனி முழுக்கப் பேசப்படும் மனிதர். 2008-ல் '3. லிகா' என்ற மூன்றாம் டிவிஷன் புதிதாகத் தொடங்கியபோது பேயர்னின் இரண்டாவது அணி அதில் இருந்தது. ஹைன்ட்சே ஆடினார். அதே சீசனில் அதே அணிக்கு ஆடிய இன்னும் இரண்டு பேர் தாமஸ் முல்லர், ஹோல்கர் பாட்ஸ்டூபர். இருவருமே ஹைன்ட்சேயைவிட மூன்று வயது சின்னவர்கள்.

2009 கோடையில் லூயிஸ் வான் ஹால் பேயர்னின் பயிற்சியாளராக வந்தார். முல்லரையும் பாட்ஸ்டூபரையும் நேராக முதல் அணிக்கு எடுத்தார். அடுத்த வருடம் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் இருவரும் ஜெர்மனிக்காக இறங்கினார்கள். முல்லர் 5 கோல் அடித்து கோல்டன் பூட்டையே வாங்கிவந்தார்.

ஹைன்ட்சேக்கு அந்த அழைப்பு வரவில்லை. மியூனிக்கின் புறநகர் கிளப்பான உன்டர்ஹாஹிங்கில் மூன்றாம் டிவிஷனில் ஆடினார். பிறகு தொழில்முறைக் கால்பந்தையே விட்டுவிட்டார். 2012-ல் 'நாக்ஷ்பீல்ட்சைட்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. ஆட்டத்தின் முடிவில் நடுவர் சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் நேரத்துக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயர் அது. 'நிறைவடையாத ஒரு கால்பந்து வாழ்க்கை' என்பது அதன் துணைத் தலைப்பு.

பெரிய வீரர்களின் சுயசரிதைக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த படியில் கால் வைக்க முடியாமல் நின்றுபோனவர்கள் எழுதுவது அபூர்வம். அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பேயர்ன் போன்ற அகாடமிக்குள் ஒரு சிறுவனுக்குக் கிடைக்கும் கனவு, அது தரும் அழுத்தம், உடலும் மனசும் ஒத்துழைக்காமல் போகும்போது வரும் தன் மீதான சந்தேகம், இதையெல்லாம் பற்றி 26 வயதில் ஒருவர் வெளிப்படையாகப் பேசியதால்தான் அந்தப் புத்தகம் கவனிக்கப்பட்டது. (ஃபுட்சாலில் 'நாக்ஷ்பீல்ட்சைட்' என்ற ஒன்றே கிடையாது. கடிகாரம்தான் அவ்வப்போது நின்றுவிடுகிறதே!)

பேயர்னிலிருந்து கொலோனுக்கு

பிறகு அவர் ஆடியது கொலோன் நகரில், 'ஃபுட்சால் பாந்தர்ஸ் கொலோன்' அணிக்கு. சம்பளத்துக்காக அல்ல. ஜெர்மன் ஃபுட்சாலில் அந்தக் காலத்தில் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வீரர்களில் பெரும்பாலானவர்கள் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருந்தார்கள், மாலையில் அரங்கம் கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்தார்கள். இன்றும் நிலைமை தலைகீழாக மாறிவிடவில்லை.

புல்தரையில் நன்றாக ஆடியவர் அரங்குக்குள் வந்தால் உடனே ஜொலித்துவிடுவார் என்று தோன்றும். நடப்பது அப்படியில்லை. புல்தரை டிஃபெண்டருக்குத் தன் இடம் தெரியும், அந்த இடத்தைக் காப்பதுதான் முதல் வேலை. ஃபுட்சாலில் நான்கு பேரும் சுழன்றுகொண்டே இருப்பார்கள். பின்னால் நிற்பவர் 'ஃபிக்ஸோ', ஓரத்தில் 'ஆலா', முன்னால் 'பிவோ' என்று பெயர் இருந்தாலும், பத்து விநாடியில் இடம் மாறிவிடும். நீளமான பாஸ் அடித்து மூச்சு வாங்க நேரமில்லை. காலில் பந்து வந்த நொடியே அருகில் ஒருவர் வந்து நிற்பார். இரண்டு மூன்று நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து, மறுபடி இறங்க வேண்டும். புல்தரையில் 90 நிமிடம் ஓடிப் பழகிய உடம்புக்கு இது வேறு கணக்கு.

ஆனால் முறையான அகாடமியில் வளர்ந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. முதல் தொடுதல், உடல் வலிமை, நெருக்கடியில் முடிவெடுப்பது. ஜெர்மனியில் சிறுவயதிலிருந்து ஃபுட்சால் மட்டுமே ஆடி வளர்ந்தவர்கள் அப்போது மிகக் குறைவு. அதனால் தேசிய அணியைக் கட்டும்போது புல்தரையில் நல்ல லெவல் வரை போய் வந்தவர்களுக்கு இயல்பாகவே இடம் இருந்தது. பயிற்சியாளர் பவுல் ஷோமான் தேர்ந்தெடுத்த அந்த முதல் அணிக்குள் பேயர்னின் முன்னாள் ரிசர்வ் டிஃபெண்டர் வந்தது இப்படித்தான்.

முல்லர் அணிந்த அதே கழுகுச் சின்னம் போட்ட சட்டையை, முல்லருக்கு ஆறு வருடம் கழித்து, வேறொரு ஆட்டத்தில் ஹைன்ட்சே அணிந்தார்.

ஜெர்மனி ஏன் இவ்வளவு லேட்?

இதற்குப் பதில் கொஞ்சம் வேடிக்கையானது. ஜெர்மனியில் உள்ளரங்கக் கால்பந்து இல்லாததால் அல்ல, ஏற்கெனவே அளவுக்கு மீறி இருந்ததால்தான் ஃபுட்சால் நுழைய முடியவில்லை.

ஜெர்மன் குளிர்காலத்தில் மைதானங்கள் உறைந்துவிடும், லீக்குக்கு இடைவேளை விடுவார்கள். அந்த வாரங்களில் எல்லோரும் அரங்குக்குள் போய்விடுவார்கள். அங்கே ஆடியது 'ஹாலன்ஃபுஸ்பால்'. சுற்றிலும் பலகைத் தடுப்பு, பந்து வெளியே போகவே போகாது, பலகையில் மோத வைத்தே பாஸ் கொடுக்கலாம். 1988 முதல் 2001 வரை முன்னணி கிளப்களுக்கென்றே டிஎஃப்பி உள்ளரங்கக் கோப்பையை நடத்தியது. அரங்கம் நிறையும், டிவியில் நேரலை வரும். கடைசியாக 2001-ல் அதை வென்றது யார் தெரியுமா? ஹைன்ட்சே பின்னாளில் ஆடிய அதே உன்டர்ஹாஹிங்.

பலகையும் துள்ளும் பந்தும் உள்ள ஆட்டத்தில் ஊறியவர்களுக்கு, பலகை இல்லாத, துள்ளாத பந்து ஆட்டம் வெளிநாட்டுச் சரக்காகத்தான் தெரிந்தது. 'எங்களிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்ற மனநிலை. இளையோர் போட்டிகளை ஃபுட்சால் விதிப்படி நடத்தச் சொன்னபோது உள்ளூர் கிளப்களில் பலர் முணுமுணுத்தார்கள்.

இரண்டாவது சிக்கல் இடம். ஃபுட்சால் களத்தின் 40-க்கு 20 மீட்டர் அளவும், 3 மீட்டர் அகல 2 மீட்டர் உயர கோலும் ஹேண்ட்பாலில் உள்ள அதே அளவுகள். ஹேண்ட்பால் ஜெர்மனியில் சாதாரண விளையாட்டு இல்லை, தொழில்முறை லீக்கும் பெரும் ரசிகர் பட்டாளமும் உள்ளது. நகராட்சி அரங்குகளில் மாலை நேரம் அவர்களுக்கும் கூடைப்பந்து, வாலிபால் அணிகளுக்கும் போய்விடும். கடைசியாக வந்தவருக்கு மிச்சம் என்ன கிடைக்கும்? நாம் கல்யாண சீசனில் மண்டபம் தேடுவது மாதிரிதான்.

இருந்தும் ஆர்வலர்கள் விடவில்லை. 2006-ல் டிஎஃப்பி தேசிய அளவில் ஃபுட்சால் கோப்பையைத் தொடங்கியது. அதை வென்ற அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே ஆட்டத்தை யார் தூக்கிச் சுமந்தார்கள் என்று புரியும். மாணவர்கள் நிறைந்த மியூன்ஸ்டர் நகரத்தின் யுஎஃப்சி, குரோஷிய வம்சாவளியினரின் எஸ்டி குரோஷியா பெர்லின், ஹாம்பர்க் பாந்தர்ஸ். பேயர்ன், டார்ட்மண்ட் போன்ற பெயர்கள் அதில் இல்லை. ஸ்பெயினில் பார்சிலோனாவும் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங், பென்ஃபிகாவும் முழுநேரத் தொழில்முறை ஃபுட்சால் அணிகளை வைத்திருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். போர்ச்சுகலின் ரிக்கார்டினியோ ஆறு முறை உலகின் சிறந்த ஃபுட்சால் வீரராகத் தேர்வானவர், அவர் ஊரில் நட்சத்திரம். அதே ஆட்டத்தை ஆடும் ஜெர்மன் தேசிய வீரர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும்.

எதிர்த்திசையில் போன இங்கிலாந்துக்காரர்

ஜெர்மனி முதல் போட்டியில் சந்தித்த இங்கிலாந்தின் ஃபுட்சால் அணியிலிருந்து பின்னாளில் ஒருவர் பெரிய அளவில் பேசப்பட்டார். மேக்ஸ் கில்மன். இங்கிலாந்துக்காக 25 ஃபுட்சால் போட்டிகள் ஆடியவர். ஐந்தாம் டிவிஷன் கிளப்பான மெய்டன்ஹெட் யுனைடெட்டில் புல்தரை டிஃபெண்டராகவும் ஆடிக்கொண்டிருந்தார். 2018-ல் வுல்வ்ஸ் அவரை எடுத்தது. 2024-ல் வெஸ்ட் ஹாம் அவருக்காகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொகை 4 கோடி பவுண்ட்.

ஹைன்ட்சே புல்தரையிலிருந்து அரங்குக்கு வந்தவர், கில்மன் அரங்கிலிருந்து பிரீமியர் லீக்குக்குப் போனவர். இந்த இரண்டாவது கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். 'ஃபுட்சால் ஆடினால் பெரிய கால்பந்து வீரர் ஆகலாம்' என்பது சங்கங்களுக்கும் அகாடமிகளுக்கும் பிடித்த வாக்கியம். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. ஃபுட்சாலை ஏணியாக மட்டும் பார்த்தால், பட்ஜெட் இறுகும்போது ஏணியை முதலில் விற்றுவிடுவார்கள். 2020 செப்டம்பரில் கோவிட் நெருக்கடியைக் காட்டி இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் செய்தது அதைத்தான். ஆண்கள் தேசிய ஃபுட்சால் அணிக்கான நிதியையே நிறுத்தியது.

இன்னொரு பக்கம் பிரேசிலின் ஃபால்கோ. 2005-ல் சாவோ பாலோ கிளப்பில் புல்தரைக் கால்பந்தை முயன்று பார்த்தவர். சில மாதங்களில் 'இது எனக்கு வேண்டாம்' என்று ஃபுட்சாலுக்கே திரும்பினார். 2008, 2012 உலகக் கோப்பைகளை வென்றார், உலகக் கோப்பை வரலாற்றில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். அவர் திரும்பி வந்ததை பிரேசிலில் யாரும் தோல்வியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் திரும்பி வர அங்கே ஒரு லீக் இருந்தது, வருமானம் இருந்தது, பார்க்க ஆள் இருந்தது.

ஹைன்ட்சேக்கு அப்படி எதுவும் இல்லை. அதனாலேயே அவருடைய ஃபுட்சால் வாழ்க்கையை ஆறுதல் பரிசு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பணமோ புகழோ கிடைக்காத இடத்தில், மறுபடி தொடக்கப் பாடத்திலிருந்து ஆரம்பித்து, நாட்டின் சிறந்தவர்களில் ஒருவராக வந்ததை வேறு எந்தத் துறையில் என்றாலும் நாம் சாதனை என்றுதான் சொல்லுவோம்.

இப்போது என்ன நிலை?

இங்கிலாந்து கதவைச் சாத்திய அடுத்த வருடமே ஜெர்மனி ஒரு கதவைத் திறந்தது. 2021 செப்டம்பரில் 10 அணிகளோடு ஃபுட்சால் பண்டஸ்லிகா தொடங்கியது. அதற்கு முன்பு வீரர்கள் மண்டல லீக்குகளில் ஆடி, சீசன் முடிவில் நாக்-அவுட் சுற்றுகளில்தான் மற்ற மண்டலத்தின் வலுவான அணிகளைச் சந்திப்பார்கள். வருடத்துக்கு ஒரு கை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கடினமான ஆட்டங்கள் இருக்கும். இப்போது சீசன் முழுக்க உண்டு.

பெரிய கிளப்களும் மெல்ல எட்டிப் பார்க்கின்றன. ஹாம்பர்க் பாந்தர்ஸ் 2018-ல் எச்எஸ்வி கிளப்பின் குடைக்குள் போனது. யான் ரீகன்ஸ்பர்க், ஃபோர்ச்சூனா டுசல்டார்ஃப் பெயர்களிலும் ஃபுட்சால் அணிகள் வந்தன. பேயர்னுக்கு இன்னும் அந்த எண்ணம் வரவில்லை.

தேசிய அணியைப் பொறுத்தவரை, முதல் போட்டியின் வெற்றி பெரிய தொடர்களுக்கான டிக்கெட்டாக மாறவில்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை இரண்டுக்குமான தகுதிச் சுற்றுகளில் ஜெர்மனி தொடர்ந்து ஆடுகிறது. 2026-ல் லாட்வியா, லிதுவேனியா, ஸ்லோவேனியா சேர்ந்து நடத்திய ஐரோப்பிய சாம்பியன்ஷிப் வரைக்கும் ஒருமுறைகூட இறுதித் தொடருக்குத் தகுதி பெறவில்லை. 16 அணிகள் ஆடிய அந்தத் தொடரில் பெலாரஸ் இருந்தது, ஆர்மீனியா இருந்தது, ஜார்ஜியா இருந்தது. ஜெர்மனி இல்லை.

இந்த அணிகளில் பல 1990-களிலிருந்தே தகுதிச் சுற்றுகளில் ஆடி வருகின்றன. 2016-ல் ஆரம்பித்த ஜெர்மனி அந்த இடைவெளியை வீரர்களின் மாலை நேரத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. பண்டஸ்லிகா தொடங்கியபோது பத்து வயதில் இருந்த ஒரு சிறுவன், வேறெங்கும் தோற்றுவிட்டு வராமல், நேராக ஃபுட்சாலையே தேர்ந்தெடுத்து ஜெர்மனிக்கு ஆட வேண்டுமென்றால் அவனுக்கு இன்னும் சில வருடங்கள் தேவை. அதுவரை தேர்வுப் பட்டியலில் புல்தரையிலிருந்து வந்தவர்களின் பெயர்கள் இருந்துகொண்டேதான் இருக்கும்.